எரேமியா 17:5-ஐ அடுத்தவர் தலையில் போடுவதற்கு முன் வாசிப்பது எப்படி

"மனுஷன்மேல் நம்பிக்கைவைத்து, மாம்சமானதைத் தன் புயபலமாக்கிக்கொண்டு, கர்த்தரை விட்டு விலகுகிற இருதயமுள்ள மனுஷன் சபிக்கப்பட்டவன்." வேலூரில் சபைக்குப் போகிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை வேதாகமத்தில் தேடிக் காட்ட வேண்டியதில்லை, யாராவது ஒருவர் எப்போதோ நேராக முகத்தைப் பார்த்துச் சொல்லியிருப்பார். ஆப்பரேஷனுக்குக் கையெழுத்துப் போடலாமா வேண்டாமா என்று தவித்துக்கொண்டிருக்கிற வீட்டாரிடம் சொல்வார்கள். சீட்டுப் பணம் போய் இடிந்து உட்கார்ந்திருப்பவரிடம், ஆறுதல் என்ற பெயரில் சொல்வார்கள். சபையில் கணக்குக் கேட்டால்கூட "மனுஷனைப் பாக்காதீங்க, கர்த்தரைப் பாருங்க" என்று இதன் தம்பி ஒன்றை எடுத்துவிடுவார்கள்.

வேடிக்கை என்னவென்றால், கர்த்தரை நம்புகிறவன் தண்ணீரோரத்து மரம்போல இருப்பான் என்று அடுத்து வரும் 7, 8 வசனங்கள் புத்தாண்டு வாக்குத்தத்த அட்டைக்கு ரொம்பப் பிடித்தவை, பச்சை மரம் படம் போட்டு அச்சடிப்பார்கள். ஐந்தாம் வசனத்தை அட்டையில் யாருக்கும் கொடுப்பதில்லை. ஒரே பாட்டின் இரண்டு பாதிகளைப் பங்கு பிரித்து, ஆசீர்வாதத்தை நம் வீட்டுச் சுவரில் மாட்டிவிட்டு சாபத்தை மட்டும் அடுத்த வீட்டுக்கு அனுப்பியிருக்கிறோம்.

இதைச் சரியாக வாசிக்க எபிரெயு தெரிய வேண்டியதில்லை. ஒரு வேதாகமம், ஒரு பென்சில், எரேமியா புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டுகிற பொறுமை, அவ்வளவுதான்.

முதல் வேலை, வசனத்தை முழுசாகப் படிப்பது. சொல்லும்போது முதல் துண்டோடு நிறுத்திவிடுகிறார்கள். அதில் மூன்று செயல் இருக்கிறது: மனுஷனை நம்புவது, மாம்சத்தைப் புயபலமாக்கிக்கொள்வது, கர்த்தரை விட்டு விலகுவது. மூன்றும் ஒரே ஆளுக்குள் ஒன்றாக நடக்கிறது. டாக்டரை நம்பிப் போகிற அம்மா, வழி முழுக்க ஜெபம் பண்ணிக்கொண்டே போகிறாள் என்றால் மூன்றாவது அங்கே இல்லை, அவளுக்கு இந்த வசனத்தில் வேலையே இல்லை. அப்புறம் அதிகாரத்தின் மற்றப் பக்கங்களையும் பாருங்கள். 9-ஆம் வசனம் இருதயமே திருக்குள்ளது என்கிறது, அதாவது நான் யாரை நம்புகிறேன் என்று எனக்கே சரியாகத் தெரியாது. 11-ஆம் வசனத்தில் அநியாயமாய்ப் பணம் சேர்க்கிறவனை, அடைகாத்தும் குஞ்சு பொரிக்காத கவுதாரி என்கிறார். 14-இல் "கர்த்தாவே, என்னைக் குணமாக்கும், அப்பொழுது குணமாவேன்" என்ற ஜெபம், அது எத்தனையோ நோயாளிகளின் தலையணைக்கடியில் இருக்கும் வசனம். இத்தனையும் ஒரே அதிகாரத்தில்தான் இருக்கின்றன.

இரண்டாவது வேலைக்குத்தான் நேரம் ஆகும். அந்தக் காலத்து எருசலேம் ஜனங்கள் எதன்மேல் சாய்ந்துகொண்டிருந்தார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும். தீர்க்கதரிசி ஆகாயத்தைப் பார்த்துப் பேசுவதில்லை, எதிரே நிற்கிறவர்களைப் பார்த்துப் பேசுகிறார். 17:5-இல் எந்த ராஜாவின் பெயரும் இல்லை என்பதால்தான் அதை எங்கே வேண்டுமானாலும் ஒட்ட முடிகிறது. மற்ற அதிகாரங்களில் பெயர்கள் இருக்கின்றன.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். யூதா ஒரு சின்ன நாடு, வடக்கே பாபிலோன், தெற்கே எகிப்து, நடுவில் மாட்டிக்கொண்டது. கி.மு. 609-இல் யோசியா ராஜா மெகிதோவில் பார்வோன் நேகோவின் கையில் சாகிறார். அவர் மகன் யோவாகாஸ் மூன்றே மாதம். அவனைக் கொண்டுபோய்விட்டு நேகோ தனக்கு வேண்டிய யோயாக்கீமை உட்கார வைக்கிறான். 605-இல் கர்கேமிஸில் நேகோவை நேபுகாத்நேச்சார் முறியடிக்கிறான். 597-இல் யோயாக்கீன் ராஜாவையும் பெரியவர்களையும் பாபிலோனுக்குச் சிறைபிடித்துப் போகிறார்கள், சிதேக்கியா ராஜாவாகிறான். இவன் பாபிலோனுக்கு அடங்கியிருப்பதாகச் சத்தியம் பண்ணிவிட்டு உள்ளுக்குள் எகிப்தின் குதிரைகளை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறான். எரேமியா இந்த எகிப்து ஆசையை ஆரம்பத்திலேயே கண்டிக்கிறார். 2:18-இல், நைல் தண்ணீரைக் குடிக்க எகிப்து வழியில் உனக்கு என்ன வேலை என்று கேட்கிறார். 2:36-இல் அசீரியா உன்னை வெட்கப்படுத்தினதுபோல எகிப்தும் வெட்கப்படுத்தும் என்கிறார். 46:25-இல் இன்னும் வெளிப்படை: பார்வோனும் அவனை நம்பியிருக்கிறவர்களும் என்றே சேர்த்துச் சொல்கிறார்.

"மாம்சம்" என்று தீர்க்கதரிசிகள் எதைச் சொன்னார்கள் என்று பார்க்க ஏசாயா 31-ஐத் திறந்தால் போதும். எரேமியாவுக்கு ஒரு நூற்றாண்டு முந்தைய ஏசாயாவும் இதே எகிப்தைப் பற்றித்தான் பேசுகிறார், அவர்களுடைய குதிரைகள் ஆவியல்ல, மாம்சந்தானே என்கிறார். படை, ரதம், ஆயுத ஒப்பந்தம். இந்த வாசனை இல்லாமல் 17:5-ஐப் படித்தால் அது பக்கத்து வீட்டுக்காரரை நம்பலாமா கூடாதா என்ற விவகாரமாகச் சுருங்கிவிடும்.

இதற்கு மண்ணுக்குள்ளிருந்தே ஒரு சாட்சி கிடைத்திருக்கிறது. 1935-இல் யூதாவின் லாகீஸ் பட்டணம் இருந்த மேட்டைத் தோண்டினபோது, மையில் எழுதின ஓட்டுச் சில்லுகள் கிடைத்தன; எருசலேம் விழுவதற்குச் சற்று முன் ராணுவத்தார் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட கடிதங்கள். அதில் ஒன்று, படைத்தலைவன் ஒருவன் எகிப்துக்குப் போகப் புறப்பட்டான் என்கிறது. எதற்குப் போனான் என்று சில்லு சொல்லவில்லை, எரேமியா 37-ஐ வாசித்திருப்பவர்களுக்கு ஊகிப்பது கஷ்டமில்லை.

இப்போது 37-ஆம் அதிகாரம். எருசலேமைப் பாபிலோன் படை சுற்றிவளைத்திருக்கிறது. எகிப்திலிருந்து பார்வோனின் சேனை புறப்பட்டது என்று செய்தி வருகிறது, பாபிலோனியர் முற்றுகையை விட்டுவிட்டு விலகிப்போகிறார்கள். ஊரே மூச்சு விடுகிறது. இதே நேரத்தில் ராஜா எரேமியாவிடம் ஆள் அனுப்பி, எங்களுக்காக ஜெபம் பண்ணும் என்று கேட்கிறான் (37:3). கவனியுங்கள், ஜெப விண்ணப்பம் போட்டாகிவிட்டது, அதனால் நம்பிக்கை எகிப்தைவிட்டு நகர்ந்துவிடவில்லை. "ஜெபம் பண்ணினேன், அதனால் நான் கர்த்தரைத்தான் நம்புகிறேன்" என்று நாம் சொல்வதற்கும் இது பொருந்தும். எரேமியாவின் பதில்: பார்வோனின் சேனை தன் தேசத்துக்கே திரும்பிப் போகும், கல்தேயர், அதாவது பாபிலோனியர், மறுபடியும் வருவார்கள்.

அடுத்து 34-ஆம் அதிகாரத்தைப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும், பிரசங்கங்களில் இதை யாரும் தொடுவதாகத் தெரியவில்லை. முற்றுகை நெருக்கிக்கொண்டிருந்தபோது சிதேக்கியாவும் பிரபுக்களும் ஓர் உடன்படிக்கை பண்ணினார்கள், எபிரெய அடிமைகள் எல்லாரையும் விடுதலை பண்ணுவது என்று. ஏழாம் வருஷம் விட்டுவிட வேண்டும் என்று நியாயப்பிரமாணமே சொல்லியிருக்கிறது, அதுவரை செய்யவில்லை, இப்போது பயத்தில் செய்தார்கள். ஆலயத்தில் வைத்துச் சத்தியம், கன்றுக்குட்டியை இரண்டாகத் துண்டித்து நடுவே நடந்து போனார்கள், எல்லாம் முறைப்படி. படை விலகினதும் என்ன செய்தார்கள்? விடுதலையாகிப் போனவர்களைத் திரும்பப் பிடித்து அடிமையாக்கிவிட்டார்கள். எகிப்து வந்துவிட்டது, இனி பயமில்லை, வேலைக்காரி எதற்குச் சும்மா போக வேண்டும்.

என்னைக் கேட்டால் 17:5-க்கு இதைவிட நல்ல விளக்கவுரை கிடையாது. ஒருவர் எதை நம்புகிறார் என்பது அவர் வாயில் தெரியாது, ஜெபத்தில்கூடத் தெரியாது. நம்பினது கைக்கு வந்து பத்திரமாகிவிட்டோம் என்று தோன்றினதும் யார் கழுத்தில் கால் வைக்கிறார் என்பதில் தெரிகிறது. வட ஆற்காட்டுக்காரர்களுக்கு 34-ஆம் அதிகாரம் தூரத்துக் கதையும் இல்லை. செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் முன்பணம் கொடுத்துக் குடும்பத்தோடு ஆளைப் பிடித்து வைப்பது இந்தப் பக்கம் பழைய வழக்கம். 1976-இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்த பிறகும் இருளர் குடும்பங்களை அதிகாரிகள் மீட்ட செய்தி பல வருஷம் வந்துகொண்டுதான் இருந்தது.

இதே சோதனையை 7-ஆம் அதிகாரத்திலும் போட்டுப் பார்க்கலாம், அங்கே தப்பான நம்பிக்கை எகிப்து இல்லை, ஆலயம். "கர்த்தரின் ஆலயம், கர்த்தரின் ஆலயம், கர்த்தரின் ஆலயம்" என்று மூன்று தரம் சொல்லிக்கொண்டு, பரதேசியையும் திக்கற்றவனையும் விதவையையும் ஒடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஆலயத்துக்கு முன்பு சீலோவில் இருந்து பாழாகிப்போன கூடாரம் என்ன ஆனது என்று போய்ப் பாருங்கள் என்கிறார் எரேமியா. சபை, பிரதிஷ்டை, கோபுரம், நூற்றாண்டு விழா எல்லாமே "மாம்சமான புயபலம்" ஆகலாம். கட்டட நிதிக்கு லட்சக்கணக்கில் சேர்த்துவிட்டு, கோயிலைப் பெருக்குகிறவருக்கு மாதச் சம்பளத்தை இழுத்தடிக்கிற சபை என்றால் 17:5-ஐப் பிரசங்க பீடத்தின் பக்கமாகத் திருப்பித்தான் வாசிக்க வேண்டும்.

மூன்றாவது, தீர்க்கதரிசி தானே எப்படி வாழ்ந்தார் என்று பாருங்கள். மனுஷரை நம்பவே கூடாது என்பதுதான் அவர் கருத்து என்றால் எரேமியா முதல் குற்றவாளி. சொன்னதையெல்லாம் எழுதப் பாருக்கை நம்பினார். யோயாக்கீம் காலத்தில் கொல்லத் துணிந்தபோது சாப்பானின் மகன் அகீக்காம் காப்பாற்றினார் (26:24). முற்றுகை நடுவே ஆனதோத்தில் அப்பாவின் சகோதரர் மகனிடம் நிலம் வாங்குகிறார், 17 சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்து, சாட்சிகள் கையெழுத்துப் போட்டு, முத்திரை போட்ட பத்திரம் ஒன்று, திறந்த பிரதி ஒன்று, இரண்டையும் மண்பாண்டத்தில் போட்டு வைக்கச் சொல்கிறார் (32-ஆம் அதிகாரம்). காட்பாடி சார்பதிவாளர் அலுவலகத்தில் இத்தனை கவனமாக யாரும் பத்திரம் பண்ணுவார்களா தெரியவில்லை. போதாக்குறைக்கு, நேபுகாத்நேச்சார் என்கிற மனுஷனுக்கு அடங்கிப் போங்கள் என்று ஊருக்கே ஆலோசனை சொன்னவரும் இவர்தான்.

எபெத்மெலேக் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். எரேமியாவைச் சேறு நிறைந்த துரவில் இறக்கிவிட்டார்கள், தண்ணீர் இல்லை, சாகட்டும் என்று விட்டார்கள். அரண்மனையில் வேலை பார்த்த எத்தியோப்பியன் ஒருவன், அந்நியன், ராஜாவிடம் நேராகப் போய்ப் பேசி 30 பேரோடு வருகிறான். வரும்போது பொக்கிஷ அறைக்குக் கீழே கிடந்த கந்தல் துணிகளை எடுத்து வந்து, கயிறு அறுக்காமல் இருக்க அக்குளில் வைத்துக்கொள்ளும் என்று இறக்கிவிடுகிறான். எத்தனை கவனம் பாருங்கள். இந்த ஆளைப் பற்றித்தான் 39:18-இல் கர்த்தர் சொல்கிறார்: நீ என்னை நம்பினபடியினால் உன்னை விடுவிப்பேன் என்று. இவன் "கர்த்தரை நம்பின" விதம், பயத்தோடேயே ராஜாவிடம் போனது, கயிறு, கந்தல், 30 ஆட்கள். மனுஷ உதவி வேண்டாம் என்பவர்களுக்கு இந்த வசனத்தைக் காட்டிவிட்டு நீங்கள் சும்மா இருக்கலாம்.

வசனம் காட்டுகிற படத்துக்கு வருவோம், செடியும் மரமும்: 6-ஆம் வசனத்தில் மனுஷனை நம்பினவன் வனாந்தரத்துச் செடி, 8-இல் கர்த்தரை நம்புகிறவன் தண்ணீரோரத்து மரம். நீரில்லா ஆறு, மரமில்லா மலை என்று தன்னையே கேலி செய்துகொள்கிற ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். பாலாறு வருஷத்தில் பெரும்பகுதி மணல்தான், 2021 நவம்பர் மாதிரி வெள்ளம் எப்போதோ வரும். ஆனாலும் மணலைத் தோண்டினால் ஊற்று. அதை நம்பித்தான் அந்தக் காலத்தில் ஊற்றுக்கால்வாய் வெட்டினார்கள். கரையோரத் தென்னை மே மாத வெயிலிலும் நிற்கிறதென்றால் வேர் எங்கே போயிருக்கிறது என்று கேட்க வேண்டும். எட்டாம் வசனத்தில் நான் அடிக்கோடிடச் சொல்வது "உஷ்ணம் வருகிறதை", "மழைத்தாழ்ச்சியான வருஷத்திலும்" என்ற இடங்களை. வெயில் மரத்துக்கும் வருகிறது, மழை மரத்துக்கும் பொய்க்கிறது. நல்ல விசுவாசிக்குக் கஷ்டம் வராது என்று பேசுகிறவர்கள் இந்த இரண்டு இடத்தையும் தாண்டிக் குதிக்க வேண்டியிருக்கும். எரேமியாவுக்கே துரவும் சிறையும் வந்தன.

சரி, நம் வீட்டு விஷயத்துக்கு எப்படிக் கொண்டுவருவது? முதலில் மருத்துவம், ஏனென்றால் இந்த ஊரில் அதுதான் அடிக்கடி வரும். டாக்டரிடம் போகக் கூடாது என்பவர்கள் 17:5-க்குத் துணையாக ஆசா ராஜாவைக் கூட்டி வருவார்கள், அவன் வியாதியில் கர்த்தரைத் தேடாமல் பரிகாரிகளைத் தேடினான் என்று (2 நாளாகமம் 16:12). அதே அதிகாரத்தின் தொடக்கத்தைப் படிக்கச் சொல்லுங்கள்: ஆலயத்து வெள்ளியையும் பொன்னையும் எடுத்துச் சீரியா ராஜாவுக்குக் கொடுத்துக் கூட்டணி வாங்கினவன், அதைக் கண்டித்த ஞானதிருஷ்டிக்காரனைச் சிறையில் போட்டவன், ஜனங்களில் சிலரை நெருக்கினவன். மறுபடியும் அதே வரிசைதான். கர்த்தரைத் தேடாததுதான் அங்கே சொல்லப்படுகிற குறை, மருந்தை அது குறை சொல்லவில்லை. ஏசாயா எசேக்கியாவின் கட்டிமேல் அத்திப்பழ அடையை வைத்துக் கட்டச் சொன்னார். எரேமியாவே "கீலேயாத்திலே பிசின் தைலம் இல்லையோ, இரணவைத்தியனும் அங்கே இல்லையோ" என்று அழுதார் (8:22). கத்தோலிக்க வீடுகளில் சீராக்கின் 38-ஆம் அதிகாரமும் கையில் இருக்கும், வைத்தியரை மதிக்கச் சொல்கிற அதிகாரம். 1900-இல் ஐடா ஸ்கடர் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய வேலை சி.எம்.சி. மருத்துவமனையாகி நிற்கிற ஊரில் இதை இவ்வளவு நீட்டிச் சொல்ல வேண்டியிருப்பதே கொஞ்சம் வருத்தம்தான்.

பணம் இன்னொன்று. மாதா மாதம் எந்த வியாபாரமும் தர முடியாத வட்டி தருகிறோம் என்று வருகிறவர்களிடம் நம் மாவட்டத்தில் எத்தனை வீட்டு நகை போயிருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். பணம் போன பிறகு அவர்களிடம் 17:5 சொல்வது கொடுமை. ஏமாற்றப்பட்டது வேறு, விலகிப்போன இருதயம் வேறு. அவர்களுக்கு வேண்டியது போலீஸில் புகார் எழுதித் தரும் ஆள். வசனத்தின் கேள்வி அதற்கு முன்னாலேயே கேட்க வேண்டியது, வட்டி ஒழுங்காக வந்துகொண்டிருந்த மாதங்களில். அப்போது கமிஷனுக்காக விதவைப் பெரியம்மாவின் சேமிப்பையும் இழுத்துவிட்டோமா, சந்தேகப்பட்டவரை "விசுவாசம் இல்லாதவர்" என்றோமா? 34-ஆம் அதிகாரத்துக் கேள்விதான் இது.

இதை வீட்டுக் கூட்டத்திலோ வாலிபர் கூட்டத்திலோ எடுக்கப் போகிறவர்களுக்கு: யாராவது நிச்சயம் 9:4-ஐக் காட்டுவார்கள், எந்தச் சகோதரனையும் நம்பாதிருங்கள் என்று அதே எரேமியா சொல்கிறாரே என்று. நல்ல கேள்வி, மழுப்ப வேண்டாம். அந்த அதிகாரம் புலம்பல். பொய் பேசுவதே பழக்கமாகிப்போன ஊரில் அண்ணனைத் தம்பி நம்ப முடியவில்லை என்று எரேமியா கண்ணீர் விடுகிறார், அவர் சொந்த ஊர் ஆனதோத்துக்காரர்களே அவரைக் கொல்லத் திட்டம் போட்டவர்கள். நம்பிக்கை உடைந்த ஊரைப் பார்த்து அழுகிறார், அப்படியொரு ஊரை உண்டாக்குங்கள் என்று கட்டளை கொடுக்கவில்லை.

நேரம் ஒரு மணிதான் என்றால் 17:5-8-ஐ வாசித்துவிட்டு உடனே 37:1-10, அப்புறம் 34:8-22, கடைசியில் 39:15-18. விளக்கத்தைக் குறைத்து வாசிப்பைக் கூட்டுங்கள், வேறு வேறு ஆட்கள் வாசிக்கட்டும். 34-ஐ 20-ஆம் வசனத்தில் நிறுத்திவிடாமல் 22 வரை போங்கள், விலகிப்போன படையை மறுபடியும் கூட்டி வருவேன் என்கிற பகுதி அங்கேதான் இருக்கிறது, அது இல்லாவிட்டால் 37-ஓடு முடிச்சு விழாது.